ஆக்னசுக்கு இறக்கை வேண்டாம்

சேசு மரி சூசை

பெருநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகன் பீட்டருக்கு அம்மா எழுதுவது. நீ சுகமா என்று முதலில் கேட்பது வழக்கம், அதனால் கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ரூமில் கூட இருக்கிற பிள்ளைகள் உன்னைப் பார்த்துக்கொள்கிறார்களா. இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதற்குக் கை வரவில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். நம் ஆக்னஸ் போன பிறகு போனில் வாயைத் திறந்தாலே எனக்கு அழுகை வருகிறது, நீயும் அழுகிறாய், அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது நெஞ்சிலேயே நிற்கிறது. வசந்த்குமார் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கம்பெனி விடவில்லை என்று நீ வராமல் போனதைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் நான் விடுவேனா. ஆனால் குழியில் இறக்கும்போது போனில் உன் முகம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது, நெட்வொர்க் இல்லை என்றார்கள், அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஏரி நிரம்பிவிட்டது, ஊரே நடவுக்குப் போகிறது, நான் போகவில்லை. அந்த மழைத் தண்ணீரில் வந்த கொசுதானே நம் பிள்ளையைக் கொண்டுபோனது, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட என்னால் முடியாது. பெற்றவள் ஷீபா சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள். ஆக்னஸின் கவுன்களைத் துவைத்துக் காயப்போடுகிறாள், காய்ந்ததை எடுத்து மறுபடி துவைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று உனக்கும் தெரியும், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடக்கத்தன்று பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்களே, அதில் நம் பிள்ளைக்கு வெள்ளை இறக்கை ஒட்டி மேகத்தில் நிறுத்தியிருந்தான் பேனர் கடை வரதன். அன்று எனக்கு எதையும் பார்க்கிற கண் இல்லை. பிறகுதான் பார்த்தேன், அவன் கடைக்கே போய் அதை இறக்கு என்றேன். நம் சாமியைத் தெரியாத பிள்ளை, இன்னா ஆயா இப்பிடி கோச்சிக்கினு வர்ற, உங்க ஆளுங்கதான் கொழந்த போனா தேவதை ஆயிடும்னு சொல்றாங்க, எத்தினி பேருக்கு இப்பிடியே போட்டுக் குட்த்துகீறேன் என்றான். அவன் மேல் என்ன தப்பு. துக்கம் கேட்க வந்த சிட்டம்மாளும், அழுவாத ராணி, உன் பேத்தி சம்மனசு ஆயிட்டா, மேல பறந்துக்கினு கீறா என்றுதான் சொன்னாள். கடைசியில் நீயும் அந்தப் படத்தையே ஷீபாவின் போனுக்கு அனுப்பி, முப்பதாம் நாள் பூசைக்குள் கல்லறைக் கல்லில் இதை வெட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாய். கல் வேலை செய்கிற தாண்டவராயன் கல்லில் கோடு போடும்போது நான்தான் போய் நிறுத்தினேன். அதற்கு ஷீபா, எனக்கு இன்னா மிச்சம் கீது அத்தே, அவ பறந்துக்கினு கீறான்னு நெனச்சிக்கினுதான் கண்ண மூட்றேன், அதையும் புடுங்கிக்கினியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று கேட்டாள். கேட்கட்டும், பெற்றவள் கேட்காமல் யார் கேட்பார்கள்.

நான் அஞ்சாவதுதான் படித்தேன், ஆனால் சிஸ்டரம்மாவிடம் ஞானோபதேசம் தப்பில்லாமல் ஒப்பித்தவள், இந்த ஊரில் பாதிப் பேருக்குப் புதுநன்மைக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவள். இப்போது கோயிலில் வானதூதர் என்கிறார்கள், எனக்கு அவர்கள் சம்மனசுகள்தான். அவர்கள் யார் என்று உனக்கும் சொல்லிக்கொடுத்தேன், மறந்துவிட்டாய். ஆண்டவர் அவர்களை ஆதியில் அப்படியே படைத்தார், உடம்பு இல்லை, பசி இல்லை, பிறப்பும் சாவும் இல்லை. அவரைப் புகழவும் அவர் சொன்ன செய்தியைக் கொண்டுவரவும் நமக்குக் காவலாக நிற்கவும் படைக்கப்பட்டவர்கள். செத்தவர் யாரும் சம்மனசு ஆவதில்லை. மனுஷர் மனுஷராகவே மோட்சத்துக்குப் போகிறோம், கடைசி நாளில் இந்த உடம்போடு எழுந்திருப்போம் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே, அது வாய்க்குச் சும்மா சொல்வதா. அவள் முழங்கால் தழும்பும் உன்னைப்போல் வளைந்த சுண்டுவிரலும் எனக்குத் திரும்பி வர வேண்டும். இறக்கையோடு வருவது வேறு யாரோ, எனக்கு எதற்கு.

ஒருநாள் அவளுக்குக் காவல் சம்மனசு செபம் சொல்லிக்கொடுத்தேன். ஆயா, அது நம்ம கூடவே கீதா என்று கேட்டு, தின்றுகொண்டிருந்த முறுக்கில் பாதியை அதற்கென்று எடுத்து வைத்தாள். அது துன்னாதுடி, அதுக்கு வயிறு கிடையாது என்றேன். அதுக்கு அம்மா கீதா என்று கேட்டாள். அம்மாவும் கிடையாது, ஆண்டவர் படைச்சார் என்றேன். அப்ப யாரு அத்த மடியில வெச்சிக்குவாங்க, பாவம் ஆயா அது என்று முகம் சுண்டிப்போய்விட்டது. அன்றிலிருந்து செபம் முடிந்ததும் சம்மனசுக்காகத் தனியாக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தூங்க மாட்டாள். சம்மனசைப் பார்த்துப் பரிதாபப்பட்ட பிள்ளை பீட்டர், அவளையே நீங்கள் சம்மனசு ஆக்கப் பார்க்கிறீர்கள்.

அந்தக் காவல் சம்மனசு எங்கே போனது என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, பிழைத்துக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்த அன்றுதான் கை கால் சில்லிட்டது. டாக்டர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மனசு நின்றிருந்தால் அது சும்மாவா பார்த்துக்கொண்டு நின்றது என்று சாமியாரிடமே கேட்டேன். காவல்னா சாவே வராம தடுக்கறது இல்லம்மா, அனுப்பினவர் சொல்றதத்தான் அவங்க செய்வாங்க, போற வழியில புள்ளயத் தனியா விட்டிருக்க மாட்டாங்க என்றார். சரி சாமி என்று வந்துவிட்டேன். தலை ஒத்துக்கொண்டது, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் போன சம்மனசுக்குக் கையும் இல்லை மடியும் இல்லை என்று எனக்குத் தெரியுமே. தெரியாமல் இருந்தால் நானும் ஷீபா மாதிரி இறக்கையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். இப்போதெல்லாம் செபமாலையை எடுத்தால் பாதியில் வாய் நின்றுவிடுகிறது, இத்தனை வயதில் எனக்கு இப்படி ஆனதில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது, முன்வரிசையில்தான் இன்னும் உட்காருகிறேன்.

ஷீபாவுக்காக இறங்கிவந்து ஒன்று யோசித்தேன். பிள்ளையைப் பிள்ளையாகவே வெட்டி, சம்மனசு பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருக்கிற மாதிரி வைத்தால் தப்பில்லை. தாண்டவராயனோ, ஆயா இது கொழந்தைக்கு வெக்கிற கல்லு, ரெண்டு உருவத்துக்கு எடம் பத்தாது, ஏதாவது ஒண்ணு சொல்லு என்கிறான். நீ தகப்பன், முடிவு உன்னுடையது. நான் கேட்பது, ஆக்னஸ், தகப்பன் பீட்டர், தாய் ஷீபா என்று மட்டும் வெட்டட்டும். எந்தச் சம்மனசுக்கும் அப்படி எழுத முடியாது. அவளுக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாக ஓர் ஆள் படுக்கிற இடம் இருக்கிறது, அதை எனக்கு விட்டுவைக்கச் சொல்லிச் சாமியாரிடம் கேட்டேன், அது பிள்ளைங்க வரிசையாச்சேம்மா என்றார், பரவாயில்லை சாமி என்றேன். கடைசி நாளில் எக்காளம் ஊதி எழுப்பப்போவதும் சம்மனசுகள்தானே. அவளைத் தூக்கத்தில் எழுப்பினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், கண்ணைத் திறக்காமலே கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுவாள், தூக்கித் தோளில் போட்டால்தான் அடங்குவாள். அவர்களுக்குத் தோள் ஏது. நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதே. ஷீபாவுக்குப் போன் செய், என்னோடு சமாதானம் ஆகச் சொல்லாதே, சாப்பிடச் சொல். கல்லுக்குப் பதில் சீக்கிரம் சொல்லி அனுப்பு, தாண்டவராயன் காத்திருக்கிறான். உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவர் உன்னையாவது எனக்கு விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
ராணியம்மாள்