எஞ்சினில் விட்ட தண்ணீர்

21.10.2024, திங்கள்

காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. காலையில் மருமகள் சுகுணா வண்டியை எடுத்தபோது பார்த்தாளாம். நின்ற இடத்தில் எஞ்சின் குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்குகிறது.

நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரி சின்னம்மை எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது, நாள் தெரியும். இலங்கையிலிருந்து கப்பல் ஏறிய அன்று என்ன கிழமை, அம்மா என்ன சேலை கட்டியிருந்தாள், எல்லாம் தெரியும்.

"அத நாலு தடவ எழுதியாச்சு. புதுசா சொல்லுங்க" என்கிறாள் எழுதுகிறவள்.

22.10.2024, செவ்வாய்

மகன் ரவிக்குமார் திருப்பூரில் இருக்கிறான். கார் சுகுணாவுடையது, அவள் வாடகைக்கு ஓட்டுகிறாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஜெஸிந்தா டீச்சரை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். ஒரு நாள் தவறினாலும் டீச்சருக்கு மூச்சு முட்டும்.

இன்று திரும்பி ஏறும்போது, குஞ்சப்பனை ஊரைத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லையாம்.

"டீச்சர் ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தாங்க மாமா. அவங்களுக்கா, வண்டிக்கான்னு தெரியல" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

23.10.2024, புதன்

கோத்தகிரியில் பெனிஸ் ஒர்க்ஷாப்புக்கு நானும் போனேன். பெனிஸ் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். எஞ்சினுக்குள் வால்வு திறந்து மூடும் நேரம் வேகத்துக்குத் தகுந்தபடி மாறுமாம். அதை மாற்றுவது எண்ணெய். அந்த எண்ணெயைத் திருப்பிவிட விரல் நீளத்தில் இன்னொரு வால்வு, கரண்டில் வேலை செய்வது. அதற்குப் போகும் கரண்டில் கோளாறு.

"வால்வு போயிருக்கும், இல்லாட்டி ஒயருங்க. அக்கா, எஞ்சினுக்குத் தண்ணி கிண்ணி அடிச்சீங்களா?"

"இல்லண்ணா. நான் துணியிலதான் தொடைப்பேன்."

"ஐயா பாத்தீங்களா? உங்களுக்குத்தான் எல்லாம் நெனப்பிருக்குமே."

எனக்கு இருமல் வந்தது. அப்படியே வெளியே போய் நின்றுகொண்டேன்.

25.10.2024, வெள்ளி

புது வால்வு மாட்டினார்கள். விளக்கு அணைந்துவிட்டது. இனி அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

26.10.2024, சனி

நல்ல வெயில். டீச்சர் போய் வந்தாயிற்று. ஒரு தொந்தரவும் இல்லை.

29.10.2024, செவ்வாய்

மழை. முன்னால் போகிற வண்டி தெரியாத மூடுபனி. ஏறும் வழியில் மறுபடி மஞ்சள் விளக்கு. வளைவில் எஞ்சின் நின்றேவிட்டது. சுகுணா டீச்சரைக் கைத்தாங்கலாக இறக்கி, கோத்தகிரி பஸ்ஸை மறித்து ஏற்றியிருக்கிறாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். மழை விட்டு வெகுநேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியதாம். டீச்சருடைய மகன் போனில், வியாழக்கிழமைக்கு வேறு கார் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

சுகுணா தலை துவட்டாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். "நான் வண்டி ஓட்ட லாயக்கில்ல மாமா. அவரு சொல்றாப்ல வித்துட்டுத் திருப்பூருக்கே போயிடலாம்."

துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

30.10.2024, புதன்

சின்னம்மை நோட்டைப் பின்னால் புரட்டினாள்.

"ஆயுத பூசையன்னைக்கு என்ன எழுதச் சொன்னீங்க? கார் கழுவினேன், பொட்டு வச்சேன். அவ்வளவுதான். ரப்பர் குழாயைப் புடிச்சு எஞ்சினையும் கழுவினீங்களே, அது எங்க? நான் ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன்."

சரி, எழுது. அன்று சுகுணா கோயிலுக்குப் போயிருந்தாள். முப்பத்தோரு வருடம் தேயிலை எஸ்டேட்டில் இலை லாரிக்குக் கிளீனராக இருந்தவன் நான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எஞ்சினில் குழாய்த் தண்ணீரை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்து, பளபளவென்று ஆனபிறகுதான் சந்தனம் வைப்போம். அந்த லாரி எஞ்சினில் ஒயர் என்று என்ன பெரிதாக இருந்தது? மருமகள் வந்து பானட்டைத் திறந்ததும் சந்தோஷப்படட்டும் என்று செய்தேன். பத்தாம் நாள் விளக்கு எரிந்தது. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லையே.

"இத எழுதிட்டேன். அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டு வாங்க, மீதிய எழுதறேன்."

31.10.2024, வியாழன்

தீபாவளி. டீச்சர் வேறு காரில் போனார். இதைச் சின்னம்மை நானாகவே எழுதுகிறேன். அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

1.11.2024, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் சுகுணாவிடம் சொல்லிவிட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா டீச்சர் நனைஞ்சிருக்க மாட்டாங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து வழக்கம்போல எனக்குப் பால் விடாத பிளேன் டீயும் கடித்துக்கொள்ளச் சீனித்துண்டும் கொண்டுவந்து வைத்தாள். சீனியைக் கடிக்க முடியவில்லை.

இன்று பெனிஸ் கடை திறந்திருந்தான். நானே சொன்னேன், சுகுணா பக்கத்தில் நிற்கும்போதே. விளக்கு எரிந்த நாளையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். எரிந்ததெல்லாம் பனி நாள், மழை நாள். வெயிலில் ஒரு தடவைகூட இல்லை. அவன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வால்வ மாத்தியிருக்கவே மாட்டனுங்க" என்று வால்வுக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே இரண்டு பித்தளைக் கம்பியும் பச்சை பூத்துக் கிடந்தன. ஈரம் ஏறினால் கரண்ட் போகாது, காய்ந்தால் போகும். கழற்றிய பழைய வால்வை பேட்டரியில் தொட்டுக் காட்டினான். டக் என்று அடித்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

"பிளக்குல ரப்பரும் தேஞ்சிருக்குதுங்க. முழுசா உங்க மேல போட முடியாது" என்றான். நல்ல பையன்.

புது பிளக் வைத்து ஒயரைச் சேர்த்துச் சுற்றினான். பிறகு அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, சுகுணாவை வண்டியை எடுக்கச் சொன்னான். என்னால் பார்க்க முடியவில்லை. எஞ்சின் நடுங்கவில்லை.

2.11.2024, சனி

காலையில் டீச்சரே போன் செய்தார். போனை எடுத்துச் சுகுணாவிடம் கொடுத்தேன். "அந்தக் கார்ல பேச ஆளில்லம்மா. நீ வா" என்றாராம்.

19.11.2024, செவ்வாய்

மூடுபனி. மழை. விளக்கு எரியவில்லை.

1.10.2025, புதன்

ஆயுத பூசை. சுகுணா வெளியை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். நான் தள்ளியே நின்றேன். பிறகு பானட்டைத் தூக்கி நிறுத்தி, காய்ந்த துணி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இது உங்க வேலை மாமா."

மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பிளக்கிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதையுந்தான் தொடைங்க" என்றாள்.