பல்லுக்குப் போட்ட சிமெண்டு

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நோட்டெல்லாம் நமத்து, மை பரவுகிறது. முன்பல்லில் அடைத்திருந்த வெள்ளை சிமெண்டு விழுந்துவிட்டது. இட்லியோடு விழுங்கியிருப்பேன். போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ‘ச’ என்றால் விசில் வருகிறது. இன்று பார்த்து, சரித்திரம் வாசிக்க டீச்சர் என்னைத்தான் எழுப்பினார்.

அப்பா: “இன்னும் ஒரு தடவ அடைக்கலாம். அதுவும் விழுந்தா, பல்லு சொத்தைன்னு அர்த்தம். புடுங்கிடுவோம்.”

முன்பல்! எனக்குப் பதினான்கு வயது!

நவம்பர் 8, வெள்ளி

அப்பாவுக்கு லீவு. சீனப் பல் டாக்டரின் கடை. கண்ணாடிப் பலகையில் பொடியும் நீரும் குழைத்து அடைத்தார். “ஆயெர் ஜாங்ஙான். டுவா ஜாம்.” மலாயில், இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீர் கூடாது என்று. போன தடவையும் இதையேதான் சொன்னார்.

படி இறங்கியதும் அப்பா ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி நீட்டினார். “வாயில வச்சிக்க. துப்பாத.”

“டாக்டர் வேணாம்னாரே அப்பா.”

“சிமெண்டப் பத்தி எனக்குத் தெரியாதா? எத்தனை பாலம் கட்டியிருக்கேன்! சாக்கு போட்டு ஏழு நாளு நனைக்கலன்னா வெடிச்சிடும்.”

அப்பா மராமத்து ஓவர்சியர். போன தடவையும் இதே தண்ணீர்தான். வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

ஆனால் சந்தேகம். அதனால் மூன்று காலி மைப்புட்டி கொண்டுபோயிருந்தேன். பலகையில் மிஞ்சியதை டாக்டரிடம் கேட்டு, மூன்று உருண்டை:
1. அங்கேயே தண்ணீரில்.
2. இரண்டு மணி நேரம் உலர்ந்தபின் தண்ணீரில்.
3. தண்ணீரே இல்லை.

நவம்பர் 9, சனி

அம்மா: “ஏன்டி பாக்கியம், பல்லக் கழட்டிப் புட்டியில போட்டிருக்கியா?”

விளக்கினேன். ஜன்னலோரம் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மூன்றையும் அலமாரியில் ஒதுக்கியிருக்கிறார். நல்லவேளை, சீட்டு ஒட்டியிருந்தேன். இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்காது.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. நாக்கில் சொரசொரப்பு. அடைத்ததின் ஓரம் உதிர்கிறது. அப்பா பார்த்துவிட்டார். “வெள்ளிக்கிழமை புடுங்கிடலாம்.”

புட்டிகளைத் திறந்தேன். குண்டூசியால் குத்தியதில்:
1. மேலெல்லாம் சுண்ணாம்பு போல. ஊசி இறங்குகிறது.
2. கல். ஊசிதான் வளைந்தது.
3. கெட்டிதான். ஆனால் மயிரிழை போல வெடிப்பு.

ஆக, தண்ணீர் வேண்டும்தான், உடனே கூடாது. அப்பா பாதி சரி. மீதிப் பாதிக்கு விலை என் பல்!

நவம்பர் 28, வியாழன்

இன்றைக்கு விட்டால் ஆகாது. அப்பா காப்பி குடிக்கும்போது மூன்று உருண்டைகளையும் தட்டில் வைத்துக் குண்டூசியைக் கொடுத்தேன். சீட்டுகளைப் படித்தார். குத்தினார். முதலாவதை மறுபடியும் குத்தினார்.

“ம்.”

அவ்வளவுதான். ‘ம்’ என்றால் என்ன? பிடுங்குவதா, அடைப்பதா? கேட்டால், “காப்பி ஆறிப்போச்சு” என்கிறார்.

நவம்பர் 29, வெள்ளி

நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். அப்பா, “அடைங்க” என்று மலாயில் சொன்னார். “அலமாக், மறுபடியுமா?” என்று அலுத்துக்கொண்டார் டாக்டர்.

இந்தத் தடவை உதட்டுக்குள் இரண்டு பக்கமும் பஞ்சு. ஐந்து மணிவரை எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. ரிக்ஷாவில் வரும்போது சாரல் என் முகத்தில் படாமல் அப்பாவே குடை பிடித்தார். அவர் சட்டை தொப்பல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம்: “பல்லு சிமெண்டு வேற, பாலத்து சிமெண்டு வேற. மொதல்ல ஈரம் ஆகாது. நான் அன்னைக்கே நெனச்சேன். இவதான் அவசரப்பட்டுத் தண்ணிய வாயில வச்சிக்கிட்டா.”

அம்மா: “சொன்னா கேட்டாத்தானே!”

நான் புட்டிகளைக் கைகாட்டினேன். இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“பாத்தியா, அவளே ஒத்துக்கிறா.”

மணி நாலேகால். ஐந்துக்குப் பஞ்சை எடுப்பேன்.