பச்சை இலை போட்ட மிட்டாய்

மே 9, வெள்ளி

அஃப்சல் மச்சான் பாங்காக்கிலிருந்து வந்து சேர்ந்தார். பதினாலு மாசம் கழித்துப் பார்க்கிறேன், மனுஷன் துரும்பாக இளைத்திருக்கிறார். கட்டினவள் நான் முகத்தைப் பார்ப்பதற்குள், பெட்டியைப் பார்க்க முதுநகரே திரண்டுவிட்டது.

மே 10, சனி

காலையெல்லாம் பங்கு போடும் வேலை. வீட்டுக்கு ஒரு கவர்: சோப்பு, தைலம், சாக்லேட். யாருக்காவது குறைந்தால் வருஷம் பூரா பேசுவார்கள். சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனார் ஃபஹீமா அக்காவின் கவர்தான் மெலிந்து கிடந்தது. மச்சான் குளிக்கப் போயிருந்த நேரம் அவர் ஷேவிங் பையைத் துழாவினேன். ஒரு ஜெல்லி மிட்டாய் பாக்கெட் கிடைத்தது. ஜெல்லி என்றாலே எனக்குப் பயம், பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்று. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் தாய்லாந்து எழுத்து. மேலே பச்சையாக ஒரு இலைப் படம். அப்பாடா, சைவம்! நம்ம பிள்ளைகள் தாராளமாகத் தின்னலாம் என்று பிரித்துக் கவரில் கொட்டினேன். அக்கா மகள் அஸ்மத்துக்கு ஜெல்லி என்றால் உயிர்.

மே 11, ஞாயிறு

அஸ்மத் கண் திறக்கவில்லை. ஆறு வயசுப் பிள்ளை. யா அல்லாஹ், நான் என்ன செய்தேன்?

மே 12, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று அக்கா வீட்டில் பிரியாணி. நாங்கள் சாப்பிடும்போதே அஸ்மத் கவரைப் பிரித்து மூணு ஜெல்லியைத் தின்றுவிட்டாள். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூணு மணி பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் வரும்போது அக்கா போன். "அஃப்சலு, புள்ள தள்ளாடுறாடா. கண்ணு செவந்து கெடக்கு, எழுப்புனா முழிக்க மாட்டேங்குறா."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த கவர்ல என்னா போட்ட?" சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் போனில் என்ன சொன்னார் தெரியுமா? "வெயில்ல ஆடியிருப்பா, தூங்கட்டும் விடுக்கா."

போனை வைத்த பிறகு என் காதில் மட்டும் சொன்னார். கஞ்சா. பஸ்ஸில், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சா என்கிறார்! "அங்க போர்டு போட்டு விக்கிறாங்கடி. நைட் டூட்டி பாத்து பாத்து தூக்கமே போச்சு. பயப்படாத, இது தூக்க ரகம். இன்னொரு ரகம் இருக்கு, அதான் ஆள ஆட்டி வெக்கும். இது ஒண்ணும் பண்ணாது."

ரகமாம்! நெல்லா இது, பொன்னியும் குண்டும் பார்க்க? டிரைவர் நிறுத்தும் முன்னாலேயே எழுந்து நின்றுவிட்டேன். இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். பின்னாலேயே ஓடிவந்து, "சொல்லிடாதடி, பாஸ்போர்ட்டு போயிரும்" என்றார். இந்த ஆளுடனா ஏழு வருஷம் குடும்பம் நடத்தினேன்?

அக்காவுக்குப் போன் போட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னேன். என்ன தின்றாள் என்பதையும் சொன்னேன். பிறகு, "நீயா போட்ட, அல்மாஸு?" என்றாள். நான்தான் போட்டேன்.

மே 13, செவ்வாய்

விடியக்காலையில் கண் திறந்தாளாம். தண்ணீர் கேட்டாளாம். அழுதுகொண்டே இருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் இவர் இன்னும் "தூக்க ரகம்தான் மேடம்" என்று இழுத்தார். அந்தம்மா கோபத்தில் பேனாவை மேஜையில் போட்டார். "எந்த ரகமா இருந்தா என்னங்க? மிட்டாய்ல போடுறது சாறு. வயித்துக்குள்ள போனா அது ரகம் பாக்குமா? எவ்ளோ தின்னா, எத்தன கிலோ புள்ள, அதான் பேச்சு. பொகையா இழுத்தா உடனே தெரியும். தின்னா ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே தெரியாது, அப்புறம்தான் ஏறும். உங்க வீட்டம்மா சொல்லலன்னா நாங்க தலைய ஸ்கேன் பண்ணிக்கிட்டு நின்னுருப்போம்."

அக்கா தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மே 14, புதன்

போலீஸ் வந்து பாக்கெட்டை வாங்கிப் போனது. பாஸ்போர்ட்டையும். வழக்கு எழுதி, இவரை ஜாமீனில் விட்டார்கள்.

மே 25, ஞாயிறு

மூணு தடவை போன் போட்டேன். அக்கா எடுக்கவில்லை.

இவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் இல்லை. கவரில் போட்டது நான் தெரியாமல் செய்தது. "தூங்கட்டும் விடுக்கா" என்றது? அது என்ன கணக்கு?

ஜூன் 7, சனி

பக்ரீத். கறிப் பங்கு கொண்டுபோகத் தயங்கிக்கொண்டிருந்தேன். அக்காவே வந்துவிட்டாள், அஸ்மத்தையும் கூட்டிக்கொண்டு! வாசலில் நின்று அழுதேன். அவளும் அழுதாள். தம்பி சலாம் சொன்னதற்கு மெல்லிய குரலில் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அஸ்மத்திடம் ஒரு கடலை மிட்டாய் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்: "மாமி, இது மிட்டாயா, மாமாவோட மருந்தா?"

பாதியைக் கடித்து அவள் கண் முன்னாலேயே தின்றேன். மீதியை அக்கா வாங்கி, காகிதத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை.

சாப்பிட்டோம், பேசினோம், கறியைப் பங்கு போட்டோம். இடையிடையே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை தாண்டிய பிறகு காகிதத்தைப் பிரித்து மகள் கையில் கொடுத்தாள்.