விமானம் வந்தும் நிற்காத பாட்டு

போன ஞாயிறு ஜுனா பஜார் பழைய சாமான் சந்தையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் வாங்கினேன். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டியபோது பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து ஒரு வாடை வந்தது. உன் விமான் நகர் வீட்டு வாடை. நீ கூரியரில் சென்னைக்கு அனுப்பிய கேசட்டை நான் இரண்டு வருடமாகக் கேட்கவே இல்லை. கேட்க மெஷின் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வீம்பு. போன மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அந்த வீம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வீட்டில்தான், சனிக்கிழமை மதியங்களில், நம் ஆல்பத்தின் பதிவு நடந்தது. எழுபதுகளில் ஜெர்மன்காரர்கள் வாசித்த ராக் இசை மீது உனக்குப் பைத்தியம். ஒரே தாளம் நிற்காமல் ஓட வேண்டும், அதன்மேல் உன் கீபோர்டு விண்வெளியில் மிதக்க வேண்டும். டிரம்ஸ் என் பொறுப்பு. “புதுசா ஒண்ணும் அடிச்சுப் போடாத புள்ள, அதே போதும்” என்பாய். ஆபீசில் ஒரே சாஃப்ட்வேர் டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவளுக்கு அதில் என்ன கஷ்டம்? ஒருநாள் கீழ்வீட்டு மராட்டி மாமி காக்கு படியேறி வந்து பதினோரு நிமிடம் பொறுமையாகக் கேட்டார். “அச்சா ஹை பேட்டா, லேகின் கானா கப் ஷுரூ ஹோகா?” நன்றாகத்தான் இருக்கிறதாம், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்றுதான் அவருக்குச் சந்தேகம். நீ சிரித்த சிரிப்பில் கீபோர்டு ஸ்டாண்டே ஆடியது.

ஒரே தொல்லை விமானம். தலைக்கு மேலேயே ஏறும். சத்தம் கேட்டதுமே “கட்!” என்று நிறுத்திவிடுவாய். அதனால் நம் பாட்டுகள் எல்லாம் பாதியிலேயே அறுந்து நிற்கும்.

கடைசிப் பாட்டு பாக்கி இருந்தபோது எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது.

“இதொண்ணை முடிச்சுப்போட்டுப் போலாமில்ல?”

“ஜாயினிங் தேதிய மாத்த முடியாதுடி.”

நான் கிளம்பிய அன்று, “ஏர்போர்ட்டுக்கு வர முடியாது, ரெக்கார்டிங் இருக்குது” என்று மட்டும் சொன்னாய். ஆட்டோவில் பத்து நிமிட தூரம். அப்புறம் நீ அழைத்தபோதும் நான் எடுக்கவில்லை.

இப்போது விமான் நகருக்குப் பக்கத்தில், நான் முன்பு இருந்த கராடிக்கே திரும்பி வந்துவிட்டேன். மேசைமேல் கேசட் ஓடியது. ஆறு பாட்டுகளும் எதிர்பார்த்தபடியே அறுந்து நின்றன. ஏழாவதில் தாளம் என்னுடையது அல்ல. நீயே அடித்திருக்கிறாய், அங்கங்கே தடுக்குகிறது. அப்புறம் விமானம் வந்தது. உன் “கட்”டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சத்தம் ஏறி, எல்லாவற்றையும் மூடி, மெல்ல இறங்கியது. அடியில் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது.

கவனக்குறைவு என்று நினைக்க முடியவில்லை. நீ அப்படிப்பட்டவள் இல்லை. மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். பிறகுதான் கேசட் பெட்டிக்குள் இருந்த அட்டையைப் பார்த்தேன். பாட்டுகளுக்கு நீ பெயரே வைக்கவில்லை. பதிவு செய்த தேதியும் தொடங்கிய நேரமும்தான் இருந்தன. ஏழாவதின் தேதி, நான் கிளம்பிய நாள். நேரம் 4.15. பழைய மெயிலைத் தோண்டி டிக்கெட்டை எடுத்தேன். விமானம் 4.20. பாட்டில் அந்தச் சத்தம் வருவது பதினெட்டாவது நிமிடத்தில். விமானம் நகர்ந்து, ஓடுபாதைக்கு வந்து, மேலே ஏற எவ்வளவு ஆகும் என்று விரல்விட்டு எண்ணினேன். சரியாக இருந்தது.

நீ என்னை வழியனுப்பிக்கொண்டிருந்தபோது, நான் மேலே ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் எந்த விமானம் போனாலும் என் விரல்கள் மேசையில் அந்தத் தாளத்தைத் தட்டுகின்றன. ஆரம்பத்தில் நீ தடுக்கிய இடங்களைத் திருத்தித் தட்டினேன். இப்போது திருத்துவதில்லை. நீ தடுக்கிய இடத்தில் நானும் தடுக்கி, உன் கூடவே போகிறேன்.