காட்டேரி போட்ட கல்யாணக் கோட்டு

இயேசு மரி சூசை

மரக்காணம்,
12.8.2024

அன்புத் தம்பி பிராங்க்ளினுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஒற்றை அறை வீட்டில் போன் பேசினால் கட்டிலில் கிடக்கும் உன் அண்ணன் காதில் விழும். அதனால் நீயும் எழுதியே அனுப்பு. அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு கிட்னியும் போய்விட்டதே, அதோடு இருதயமும் பலவீனமாகிவிட்டதாம். இனி அதிக நாள் தாங்காது என்று புதுச்சேரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அவர் வாய்க்கு மட்டும் ஒரு நோயும் இல்லை. டயாலிசிஸ் மெஷினில் படுத்துக்கொண்டு, "என் தம்பி படத்துல காட்டேரி ரத்தத்தக் குடிச்சிட்டு ஏப்பம் வுடுறான். இது குடிச்சிட்டுத் திருப்பிக் குடுக்குது பாருங்க சிஸ்டர், எது நல்ல காட்டேரி?" என்று கேட்டு நர்ஸைச் சிரிக்க வைக்கிறார்.

நான் கேட்க வந்தது அவருடைய கல்யாணக் கோட்டு. ஏப்ரலில் நம் உப்பளத்தில் உங்கள் ஷூட்டிங் நடந்தபோது, உப்புக் குவியலுக்குள் படுத்து எழுந்திருக்க ஹீரோ மாட்டேன் என்றார், டூப் போட உன் அண்ணனைக் கூப்பிட்டாய். சினிமா கோட்டு அவருக்குப் பற்றவில்லை என்று பெட்டியிலிருந்து இதை எடுத்துக்கொண்டு ஓடினார். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நீ சொன்னாய், அது உன்னோடு சென்னைக்குப் போய்விட்டது. நம் வீட்டில் கல்யாணக் கோட்டைப் போட்டுத்தான் அடக்கம் செய்வது உனக்குத் தெரியும். உங்கள் அப்பாவையும் அப்படித்தான் பெட்டியில் வைத்தோம். "கோட்டு வந்துச்சா?" என்று அவரே கேட்கிறார். நானாக ஒன்றும் சொல்லவில்லை, உடம்பே அவருக்குச் சொல்லியிருக்கும். உடனே அனுப்பிவிடு.

அன்பு அண்ணி,
பிரிசில்லா


சென்னை,
25.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். அண்ணனிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

கோட்டு விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் நடித்த சீனைப் பார்த்து டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். காட்டேரி நட்டநடு வெயிலில் கண் விழிக்கிறான், உப்பு வெள்ளையைப் பார்த்து நிலா வெளிச்சம் என்று நம்பி ஜாலியாக வெளியே வந்து கருகுகிறான். அந்தக் கோட்டுதான் ராசி என்று ஹீரோவுக்கும் அதையே போட்டுவிட்டார். இன்னும் கிளைமாக்ஸ் பாக்கி. இப்போது போய்க் கேட்டால் நாளைக்கே என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அசோசியேட் டைரக்டராக எனக்கு இது முதல் படம், அண்ணி.

நல்ல துணியில் புதுக் கோட்டு தைத்து அனுப்பட்டுமா?

உங்கள்
பிராங்க்ளின்


இயேசு மரி சூசை

மரக்காணம்,
14.9.2024

அன்புத் தம்பிக்கு,

புதுக் கோட்டு என்ற வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "பொண்டாட்டியும் புதுசா அனுப்புறானாமா?" என்றார். சிரித்துவிட்டுப் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார்.

கால் வீங்கிவிட்டது. பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் பார்சலா என்று கேட்கிறார். உனக்கு உன் வேலை பெரிது, எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மனிதர் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். டைரக்டர் நம்பரைக் கொடு, நான் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு அண்ணி,
பிரிசில்லா


சென்னை,
30.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இதோ கோட்டு. விஷயத்தைச் சொன்னதும் டைரக்டரே கழற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். சினிமா ரத்தக் கறை போக டிரை கிளீனிங் செய்திருப்பதால் புதிது மாதிரி தெரியும். அதே கோட்டுதான். அண்ணனிடம், தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லுங்கள். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
பிராங்க்ளின்


சென்னை,
3.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சலுக்கும் நீங்கள் பதில் போடவில்லை. அக்டோபரில் அண்ணன் அடக்கத்துக்கு நான் வந்தபோதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. ஆரம்பத்திலேயே 'மார்ட்டின் அண்ணன் நினைவாக' என்று போட்டிருக்கிறோம். திண்டிவனம் தியேட்டரில் உங்களுக்கு டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறேன். அவசியம் பாருங்கள். ஜனங்கள் சிரிக்கும் சிரிப்பில் அண்ணன் உயிரோடு இருப்பார்.

உங்கள்
பிராங்க்ளின்


மரக்காணம்,
16.2.2025

பிராங்க்ளினுக்கு,

படம் பார்த்தேன். என்னோடு உப்பு வாரும் ராசம்மாள் துணைக்கு வந்தாள். உப்புக் குவியல் வெடித்து உன் அண்ணன் தும்மிக்கொண்டே எழுந்தபோது தியேட்டரே அலறிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவர் முகம் அப்படி. பிறகு வௌவால் மாதிரி இரண்டு கையாலும் கோட்டை விரித்தார். இடது பக்க உள்துணியில் சிவப்பாக ஒரு தையல் திரை முழுக்கத் தெரிந்தது. எலி கடித்த இடத்தில், என் கூறைப் புடவை நூலை உருவி நான் போட்ட தையல்.

நீ அனுப்பிய கோட்டில் அது இல்லை. பார்சலைப் பிரித்த அன்றே உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டேன். வேறு கோட்டு தைத்து, அதே கோட்டுதான் என்று எழுதியிருந்தாய்.

அவரிடம் நான் சொல்லவில்லை. நெஞ்சின் மேல் போட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு இடது பக்கம் உள்ளே கையை விட்டு ரொம்ப நேரம் தேடினார். கையை எடுத்து, "தம்பி அனுப்பிட்டான் பாத்தியா. அவன எதுவும் சொல்லாத" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மரத்துப்போன விரலுக்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்று உப்புப் பாத்தியில் நிற்கும்போதெல்லாம் நினைக்கிறேன். அவர் சொன்னதற்காகத்தான் இதுவரை நானும் வாயைத் திறக்கவில்லை. யாருக்கோ அளவெடுத்த கோட்டோடு உன் அண்ணன் பெட்டியில் கிடந்தார். நீ குனிந்து பார்த்துவிட்டுத்தான் மண் போட்டாய்.

அந்தக் கோட்டை இனி இங்கே அனுப்பாதே. அதைப் போட இந்த வீட்டில் ஆள் இல்லை. நீயே வைத்துக்கொள். உன் கல்யாணத்துக்கு அதையே போடு. கடைசியில் பெட்டியில் வைக்கும்போதும் அதையே போட்டுவிடச் சொல்லி வை. மோட்சத்தில் உன் அண்ணன் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடது பக்கம் கை விட்டுத் தேடுவார். அதுவரைக்கும் தையல் பிரியாமல் பார்த்துக்கொள்.

பதில் எழுத வேண்டாம்.

பிரிசில்லா மார்ட்டின்