உன் பாட்டில் கேட்பது வளையல் இல்லை

நேற்று என் அக்கா மகனின் கல்யாண வரவேற்பில் உன் பாட்டைப் பாடினார்கள். புல்லாங்குழல், கீபோர்டு, ஜிகினாச் சட்டை. நீ பாட்டை நிறுத்திய பிறகு 'கிணிங்' என்று ஒரு சத்தம் வருமே, அந்த இடத்தில் ஒரு பெண் மைக் முன்னால் வளையலைக் குலுக்கினாள். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். வாயிலிருந்த ஜாங்கிரியைத் துப்பிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

தொண்ணூறுகளில், கணபதி ஏரியாவில், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் லேத் பட்டறைக்குள் நாம் இரண்டு பேர் சேர்ந்து செய்த பாட்டு அது. மொத்தமே இரண்டு கிட்டார் கார்டு. கிழிந்த ஸ்பீக்கரில் கிட்டாரை மாட்டிக் கரகரவென்று ஆக்கினாய். நான் டிரம்ஸ். நீ குரலை ஏற்றவுமில்லை, குழைக்கவுமில்லை. யாரிடமோ வழி கேட்பதுபோலப் பாடினாய். கொஞ்சம் இனிமையாக ஏதாவது சேர்க்கலாமே என்றேன். "இனிமையா இருந்தா கேட்டுப்போட்டு மறந்துருவாங்கடா. தொண்டைல சிக்கோணும்" என்றாய்.

'வாசல்வரை வரச் சொன்னாய், வாய் நிறையப் பேசினாய், உள்ளே மட்டும்...' அங்கே எல்லாம் நின்றுவிடும். நான்கு தாளம் மௌனம். பிறகு அந்தச் சத்தம்.

அந்த வாசல் எங்கள் வீட்டு வாசல். பல்லடம் பக்கம், கோழிப்பண்ணை நாற்றம் சாப்பாட்டுக்குள் வரை வரும் தோட்டத்து வீடு. நீ முதல்முறை வந்தபோது உன் அப்பாவுக்கு வால்பாறை எஸ்டேட்டில் வேலை என்றாய். அம்மா மேற்கொண்டு நாலு கேள்வி கேட்டாள். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. உனக்கு, கம்பவுண்டுச் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி கிளாஸில். "குடிச்சுப்போட்டு, கழுவி அங்கயே கவுத்து வெச்சிருங்க, கண்ணு" என்றாள். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை! நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காப்பியையும் குடித்து முடித்தேன்.

நீ அந்தக் கிளாஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாய். அடுத்த ஞாயிறு டேப் ரெக்கார்டர் முன்னால் அதைத்தான் கரண்டியால் தட்டினாய். கிளாஸைக் காணோமென்று அம்மா மறுநாளே இன்னொன்று வாங்கிவந்து அதே இடத்தில் கவிழ்த்திருந்தாள்.

கேசட்டைக் கொடுக்க நீ வந்த அன்று அப்பா அதைப் போட்டுக் கேட்டார். "யார்றா அது, உள்ள உடாதவிங்க? அதென்னடா சத்தம்?" நீ வாசலில் நின்று என்னையே பார்த்தாய். "லவ் பாட்டுங்கப்பா. அந்தப் பொண்ணோட வளையல் சத்தமுங்க" என்றேன். அப்பா சிரித்தார். "வாரேன்டா" என்று சொல்லிப் போனாய். அப்புறம் வரவேயில்லை. கேசட்டைப் பிரதி எடுக்கக் கேட்டவர்களிடமெல்லாம் நான் அதே வளையல் கதையைச் சொன்னேன். கேசட்டோடு கதையும் பரவியது. போன வருடம் நீ இறந்த செய்தி வந்தபோது வால்பாறைக்குக்கூட நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

நேற்று மேடையேறிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று காலை தோட்டத்துக்குப் போனேன். அந்த இரண்டாவது கிளாஸ் இன்னும் சுவர்மேல்தான் இருக்கிறது. எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, காப்பி ஊற்றி, வாயருகே கொண்டுபோனேன். குடிக்க முடியவில்லை. காப்பியைக் கொட்டிவிட்டு, என் கை தானாகவே கிளாஸை இன்னொரு தடவை கழுவப் போனது.

உன் பாட்டு இப்போதுதான் என் தொண்டையில் சிக்கியிருக்கிறது.