கவிழ்த்து வைத்த கோப்பைகள்

ஆஷ்கிரீக், நெப்ராஸ்கா
நவம்பர் 14

அன்புள்ள தம்பி கர்ட்டுக்கு,

அக்கா லவான் எழுதுவது. நானும் உன் அத்தான் மெர்லும் நலம். நீயும் டல்லாஸில் நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது. ஒரு வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். நான் கத்தினால் நீ "அக்கா, கொஞ்சம் அமைதியா கேளு" என்பாய். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் ஏறும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ போனில் விட்டுவைத்த செய்திகளை எல்லாம் கேட்டேன். "கம்பெனிக்கு ஒரு மன்னிப்பு மெயில் மட்டும் போட்டுடு அக்கா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்கிறாய். போட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிலுக்காகக் கடைசிப் பக்கம் வரை நீ தேட வேண்டாம்.

நான் மேனேஜராக வேலை பார்த்த மெடோலார்க் கடைகளை உங்கள் க்விவோ கம்பெனி வாங்கியபோது ஊரில் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "உனக்கென்ன லவான், விளம்பரப் பிரிவுல தம்பியே உக்காந்திருக்கான்." நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் மெடோலார்க்கின் கிராண்ட் ஐலண்ட் தலைமை அலுவலகத்தை மூடினார்கள். அத்தனை பேரையும் ஒரு வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, நன்றி சொல்லி, அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஒரு பெண் கேள்வி கேட்கக் கையைத் தூக்கியபடியே இருந்தாளாம்.

பிறகு பளபளக்கும் ஷூ போட்ட ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கவலைப்படாதீர்கள், இனி நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கையில் யோலண்டா சுட்ட கொலாச் பன் இருந்தது, நடுவில் கசகசா வைத்தது. இரண்டாவதையும் கேட்டு வாங்கித் தின்றார். அடுத்த வாரம் சமையலறையை மூடிவிட்டார்கள். கொலாச் இனிமேல் உறைந்த பெட்டியில் டெக்ஸஸிலிருந்து லாரியில் வருமாம்.

யோலண்டாவை உனக்கு நினைவிருக்கும். மெக்ஸிகோவிலிருந்து வந்தவள், செக் நாட்டு வழிவந்த நம் ஊர்க்காரர்களின் பண்டத்தை நம்மைவிட நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டவள். அவளை வேலையிலிருந்து நிறுத்தும்போது கையில் ஒரு ஊதாத் தொப்பியைக் கொடுத்து அனுப்பினார்கள். க்விவோ என்று எழுதியிருந்தது. வேலையைப் பிடுங்கிக்கொண்டு தொப்பியைக் கொடுக்கிற புத்தி யாருடையது என்று உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் நீ பெயர் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது கோப்பை அலமாரிக்கு வருகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ டல்லாஸில் பாதியைத்தான் சொன்னாய், அதனால் முழுசாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்த மர அலமாரி இருந்தது. தினமும் காலையில் வருகிறவர்கள் அவரவர் கோப்பையை அதில்தான் வைப்பார்கள். விதைக் கடையில் இலவசமாகக் கிடைத்தது, பேத்தி பெயின்ட் அடித்தது, காது உடைந்தது, எல்லாம் இருக்கும். உயிரோடு இருப்பவர் கோப்பை நிமிர்ந்திருக்கும். செத்தவருடையதை யாரும் எடுத்துவிட மாட்டோம். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அதைக் கவிழ்த்து வைப்போம், அவ்வளவுதான். அது அங்கேயே இருக்கும். அப்பாவுடையதை நீதான் கவிழ்த்தாய், கர்ட். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தக் கதையை நீ உன் மீட்டிங்கில் சொன்னாய், எல்லோரும் கைதட்டினார்கள் என்று போன் செய்து சந்தோஷப்பட்டாய். எனக்கும் பெருமையாக இருந்தது. செத்தவர்கள் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். "அதை விட்டுட்டேன் அக்கா. சாவைப் பத்திப் பேசினா எவன் காபி வாங்குவான்?" என்று சிரித்தாய். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு நீ செய்த உதவி. மற்ற மேனேஜர்களை எல்லாம் அனுப்பிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாய். பதிலுக்கு நான் செய்ய வேண்டியது, புதுக் கடை திறப்பு நாளில் அந்த அலமாரி முன்னால் நின்று அப்பாவின் கோப்பைக் கதையைக் கேமராவில் சொல்வது. நான் சரி என்றேன். மெர்லுக்குப் போடும் இன்சுலின் என் வேலையோடு வரும் இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது. அது இல்லாவிட்டால் அந்த ஷூக்காரரைக் கொலாச்சோடு சேர்த்து வெளியே தள்ளியிருப்பேன்.

கடையை மூடி வேலை பார்த்தார்கள். மெடோலார்க்கின் மஞ்சள் குருவிப் பலகையைக் கயிறு கட்டி இறக்கியபோது ரோட்டில் நின்று ஊரே பார்த்தது. பழைய அலமாரி என்ன ஆகும் என்று கேட்டேன். பத்திரமாக எடுத்து வைக்கிறோம் என்றார்கள்.

போன சனிக்கிழமை திறந்தார்கள். பலூன், பாட்டு, இலவச ஹாட் டாக், எல்லாம் இருந்தது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க ஊதா விளக்குப் போட்ட புது அலமாரி. அதில் ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பைகள். பழைய கோப்பைகளில் இருந்த பெயர்களை எல்லாம் போட்டோ எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். அத்தனையும் கவிழ்ந்திருந்தன. தூசி விழாமல் இருக்க அப்படி வைத்தோம், பார்க்கவும் ஒழுங்காக இருக்கிறது என்று படம் எடுக்க வந்த பெண் சொன்னாள். கவிழ்ந்த நிலையில் பெயர் நேராகத் தெரிகிற மாதிரியே அச்சடித்திருந்தார்கள். அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். எப்போதும்போல முதலில் வந்தது ஆர்லோதான், கல்யாணமே செய்துகொள்ளாமல் பசு மாடுகளோடு வாழ்கிறாரே, அவர். தன் பெயரைத் தேடிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஏம்மா லவான், நான் எப்பம்மா செத்தேன்? அடக்கத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லியே" என்றார். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். "உனக்குக் கூட்டம் வராதுன்னு கூப்பிடல ஆர்லோ" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே போயிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லி முடித்திருப்பேன், கர்ட். இன்றைக்கும் ஊதாத் தொப்பியோடு கல்லாவில் நின்றிருப்பேன்.

ஆனால் டோரீன் வந்தாள். அவள் வீட்டுக்காரர் வெர்னன் ஒமாஹாவில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு காபி குடிக்க இறங்கியிருக்கிறாள். சுவரைப் பார்த்தாள். வெர்னன் என்று பெயர் போட்ட கோப்பை கவிழ்ந்திருந்தது. யார் என்ன சொல்லியும் அவள் காதில் விழவில்லை. "எனக்கு ஏன் யாரும் போன் பண்ணல, எனக்கு ஏன் யாரும் போன் பண்ணல" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வெர்னன் குரலைக் காதில் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஆர்லோ போய் வெர்னன் கோப்பையை நிமிர்த்தப் பார்த்தார். பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிடித்து இழுத்தார், அடித் தகட்டோடு பெயர்ந்து வந்தது. நிமிர்த்தி வைத்தார். இப்போது பெயர் தலைகீழாக நின்றது. அந்தப் பெண், "சார், ப்ளீஸ், டிஸ்ப்ளேயைத் தொடாதீங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், வெளிச்சம் நல்லா இருக்கு, இப்ப உங்கப்பா கதையை ஆரம்பிச்சிடலாமா? கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்றாள்.

சொன்னேன். நான் சொன்னதை நீ வீடியோவில் பார்த்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன். "இது எங்கப்பா கோப்பை. இந்தச் சுவத்துல செத்தவங்களோடது மட்டும்தான் சரியா இருக்கு. மிச்சப் பேரெல்லாம் உங்க முன்னால நின்னு காபி கேட்டுக்கிட்டு இருக்காங்க. இவங்களை உசுரோட கவுத்தது யாருன்னு கேட்டா, என் தம்பி" என்றேன். என் தலையில் இருந்த க்விவோ தொப்பியைக் கழற்றி அந்த ஊதா ஐஸ் பானம் சுற்றுகிற இயந்திரத்துக்குள் போட்டேன். நான் வெளியே வரும்போதும் அது உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

உன் பெயரைச் சொன்னதாக ஒரு செய்தியில் அழுகிறாய். உன் பெயரைச் சொல்லவில்லை. என் தம்பி என்றுதான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் யோலண்டா வந்தாள், காரில் ஐந்தாறு அட்டைப் பெட்டிகளோடு. கடையை மூடி வேலை பார்த்த நாளில் தன் மாவு உருட்டுக்கட்டையை எடுக்கப் போனவள், பின்பக்கக் குப்பைத் தொட்டியில் நம் கோப்பைகளைப் பார்த்திருக்கிறாள். பத்திரமாக வைத்த லட்சணம் அது. உள்ளே இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி வீட்டில் வைத்திருக்கிறாள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அன்னிக்கே வேலையைத் தூக்கிப் போட்டிருப்பே. மெர்லுக்கு மருந்து வேணுமில்ல?" என்றாள். வேலை போனவள் என் வேலையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். நீங்கள் குடும்பம் குடும்பம் என்று பலகையில் எழுதிக்கொள்கிறீர்களே, அதை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

மெர்ல் நம் கார் ஷெட்டில் பலகை அடித்துக் கொடுத்தார். நிமிர வேண்டியது நிமிர்ந்தும் கவிழ வேண்டியது கவிழ்ந்தும் இருக்கின்றன. ஆர்லோவும் மற்றவர்களும் காலையில் அங்கேதான் வருகிறார்கள். ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என் காபி மட்டம் என்று தினமும் சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பை கேட்கிறார்கள். வெர்னனுக்குப் பரவாயில்லை, அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார்.

வேலை போனதால் இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு நிற்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஜனவரியில் சேர வேண்டும். நடுவில் டிசம்பர் இருக்கிறது. எனக்குத் தூக்கம் வருவதில்லை. மெர்ல் "பிரிட்ஜ்ல இருக்கறது போதும்டி, நீ சும்மா இரு" என்கிறார். அவர் யாருக்கும் தெரியாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறாரோ என்று சந்தேகம், ஊசி போடும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். நீ பணம் அனுப்புவாய் என்று தெரியும். அனுப்பாதே. அந்தக் கம்பெனிக் காசில் வாங்கிய மருந்தை அவருக்குப் போட என் கை வராது. இது வீம்பு என்று நீ சொல்வாய், மெர்லும் அதைத்தான் சொல்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்தப் பெட்டிகளில் உன் கோப்பையும் இருந்தது. முதல் அறுவடைக்கு மாமாவோடு போய் வந்த அன்று, என் நகப்பாலிஷைத் திருடி உன் பெயரை எழுதினாயே, அந்தப் பச்சைக் கோப்பை. சிவப்பு இன்னும் அழியவில்லை. குப்பைத் தொட்டியில் விழுந்ததில் வாயோரம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு இருந்த கோபத்தில், அப்பாவுடையதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆமாம், வைத்தேன். ஷெட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஆர்லோ மட்டும் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவர் கை வைக்கும் முன் நானே நிமிர்த்திவிட்டேன்.

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வா. போன் செய்யாதே, மெயில் போடாதே, வா. டோரீனிடம் நீ நேரில் பேச வேண்டும், அதற்கு நான் கூட வருவேன். உன் பச்சைக் கோப்பையில்தான் காபி தருவேன், உடைந்த பக்கம் உதட்டில் படாமல் பார்த்துக் குடி. அதில் வேறு யாரையும் குடிக்க விடவில்லை, நானே தினமும் துடைத்து வைக்கிறேன். கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ரோட்டில் பனி விழ ஆரம்பித்துவிட்டது, மெதுவாக ஓட்டி வா.

உன் அக்கா,
லவான்